நல்ல தண்ணீர்

கொத்தமல்லி நன்றாக வந்திருந்தது. அதுதான் மாசிலாமணிக்குப் பிடிக்கவில்லை. செடி முளைக்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு, முளைத்தது பட்டுப்போயிற்றே என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. இப்படிப் பச்சைப்பசேலென்று வந்து தொலைத்திருக்கிறதே என்று காலை ஏழரை மணிக்கு அடுக்களை ஜன்னல் முன்னால் நின்று குமைகிற மனுஷன் திருச்சியிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஜன்னல் திட்டில் நாலு தொட்டி. தொட்டி என்று பெயர்தான். பாதியாக வெட்டிய எண்ணெய் கேன் இரண்டு, ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, பெயின்ட் வாளி ஒன்று. கேன்களில் கொத்தமல்லி, டப்பாவில் வெந்தயக்கீரை, வாளியில் புதினா. சௌந்தரம் உழவர் சந்தைக்குப் போயிருந்தாள். நாற்பத்தோரு வருஷமாகக் கூட இருக்கிற மனைவி. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனால் வர ஒரு மணி நேரம் ஆகும், தக்காளிக்காரியோடு பேச்சு வளர்ந்தால் ஒன்றேகால். கிளம்பும்போது ஜன்னலைப் பார்த்து, “பாத்தீங்கள்ல, அவ போனா, செடி வந்துச்சு” என்றாள். “ரசத்துக்கு ஒரு கைப்பிடி கிள்ளி வைங்க” என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். அவ என்றால் மருமகள் சுபாஷிணி. அவளும் பையன் செழியனும் தனியாகக் குடித்தனம் போய் நாலு மாதம் ஆகிறது. நேற்றுச் சாயங்காலம் செழியன் போன் செய்து, ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்துவிட்டது, வியாழக்கிழமை ரயில் என்று சொன்னான். முடிந்தால் புதன்கிழமை நான் ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்ப்பா என்றான். சுபாவும் வருவாளா என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். போன் ஃபிரிட்ஜ் தலைமேல் கிடக்கிறது. சௌந்தரம் வருவதற்குள் சுபாவிடம் பேசிவிட வேண்டும். பேசுவதற்கு முன்னால் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று தம்ளரை எடுத்தார். ஊற்றிய பிறகு, மண் நேற்றைய ஈரமே காயாமல் இருந்தது தெரிந்தது.

இந்தச் செடி வளர்க்கிற கூத்தை ஆரம்பித்ததே அவர்தான். ரிட்டையர் ஆன மனுஷன் வீட்டில் என்ன செய்வான், பேப்பரை எத்தனை தடவை மடிப்பான். கொத்தமல்லி விதையை அப்படியே போட்டால் வராது, சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போட வேண்டும், ஒரு ராத்திரி ஊற வேண்டும், முளைக்கப் பத்து நாள் ஆகும், அதுவரை கிளறிக் கிளறிப் பார்க்கக் கூடாது. புதினாக் கட்டில் முற்றின காம்பாகப் பார்த்து, கீழ் இலைகளை உருவிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் வெள்ளைவெள்ளையாக வேர் விடும். இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது சுபாதான். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், கண் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, பையைக்கூட இறக்காமல் ஜன்னல் பக்கம் நின்று, மாமா, வேர் வந்திருக்கு பாருங்க என்று கண்ணாடித் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். இப்போது இவர் கையில் இருக்கிற அதே தம்ளர். நல்ல வெளிச்சம் அன்றைக்கு. தண்ணீர் ஊற்றுகிற வேலையை மட்டும் அவர் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார், தனக்கும் ஒரு வேலை வேண்டாமா. அப்போதுதான் ஆர்.ஓ. மெஷின் வாங்கியிருந்தார்கள். இந்தக் குடியிருப்பில் போர் தண்ணீர் ஒரே உப்பு, வாயில் வைக்க விளங்காது. மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள் மூன்று குடத்தைப் பின்பக்கக் குழாய் வழியாகப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டிவிடும். பார்க்கப் பளிங்காகத்தான் இருக்கும் அதுவும். வீணாகப் போகிறதே என்று மாசிலாமணிக்கு வயிற்றெரிச்சல். சின்ன வயதில் தெருக்குழாயில் வரிசையில் நின்ற உடம்பு, தண்ணீர் ஓடினால் தாங்காது. குழாயை இழுத்து ஒரு வாளிக்குள் விட்டார். வாளித் தண்ணீரைக் காலையும் மாலையும் செடிக்கு ஊற்றினார். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். முப்பத்தொரு வருஷம் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேபில் அசிஸ்டென்ட்டாக இருந்தவர் அவர். பிள்ளைகளுக்குத் தட்டுத் தட்டாக உப்பை எடுத்து வைத்து, இது என்ன உப்பு கண்டுபிடி என்று கொடுப்பதே அவர் உத்தியோகம். அந்தக் கை தினமும் இரண்டு வேளை உப்பைக் கரைத்துக் கரைத்து வேரில் விட்டிருக்கிறது. கேன் விளிம்பில் வெள்ளையாகப் பூத்ததை நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தார். பூஞ்சை என்று நினைத்தார். நினைத்தாரா, நினைத்துக்கொண்டாரா. நாக்கில் ஒரு துளி வைத்திருந்தால் தெரிந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

முதலில் புதினா. இலை ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாகி உள்பக்கம் சுருண்டது. அப்புறம் கொத்தமல்லி மஞ்சளடித்துப் படுத்துக்கொண்டது. சௌந்தரம் பழைய பஞ்சாங்கம் ஒன்றுமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மாதத்தில் அந்த மூன்று நாள் மருமகள் சமைப்பாள், இவள் உட்கார்ந்து சாப்பிடுவாள், சாமி அலமாரிப் பக்கம் மட்டும் போகாதே என்பாள், அவ்வளவுதான். சுபாவுக்கு டைபாய்டு வந்தபோது பதினெட்டு நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது யார், தலை பின்னிவிட்டது யார். ஆனால் செடி விஷயத்தில் மட்டும் அவளுக்குள் ஒன்று உட்கார்ந்திருந்தது, தீட்டுக் கை பட்டால் பச்சை கருகும் என்று. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு. நாலு பேரும் இருந்தார்கள். தோசை. “ஏம்மா, தூரமா இருக்கறப்ப புதினாவைத் தொட்டியா நீ?” சுபா தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிய்த்த துண்டு கையிலேயே இருந்தது. “டீக்கு ரெண்டு இலை கிள்ளினேன் அத்தை.” “அதான் பாத்தேன்” என்றாள் சௌந்தரம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, காணாமல் போன சாவி கிடைத்துவிட்ட நிம்மதிதான் அந்தக் குரலில். செழியன் என்னம்மா நீ என்றான். மாசிலாமணி சட்னி கேட்டார். ஆமாம், சட்னி கேட்டார். அன்றைக்கு அவருக்கு உப்பு விஷயம் தெரியாது, தெரியாமல்தான் கேட்டார், அந்தச் சட்னிக்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பது அந்தச் சட்னிதான். அப்புறம் சௌந்தரம் காலண்டரில் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற மாதக் காலண்டர். அதில்தான் சிலிண்டர் வந்த நாள், பால்காரர் வராத நாள் எல்லாம் குறிப்பது. அதில் பச்சை மையில் சின்னச் சின்னப் புள்ளி, மாதத்துக்கு மூன்று. அந்த நாளில் ஜன்னல் பக்கம் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொள்வதற்காம். வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடம். ஒருநாள் சுபா சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, காலண்டர் முன்னால் நின்று, ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மாசிலாமணி சோபாவில்தான் இருந்தார். பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

இது வரைக்கும்கூடப் போகட்டும். மெஷின் ரிப்பேருக்கு ஆள் வந்தது புரட்டாசியில். சௌந்தரம் மாடி வீட்டில் கொலு பார்க்கப் போயிருந்தாள், சுபா உள்அறையில் தலைவலி என்று படுத்திருந்தாள். வந்தவன் குனிந்து வாளியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். “சார், இந்தத் தண்ணியவா செடிக்கு ஊத்துறீங்க? உப்பு பூரா இதுலதானே சார் சேருது. வீடு தொடைக்க வெச்சுக்குங்க, பாத்ரூமுக்கு வெச்சுக்குங்க. செடிக்கு ஊத்தினா ஒரு மாசம் தாங்காது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மாசிலாமணியும் சிரித்தார். அவன் போன பிறகு விரலை வாளியில் விட்டு நாக்கில் வைத்தார். கரித்தது. முப்பத்தொரு வருஷ உத்தியோகமும் நாக்கு நுனியில் வந்து கரித்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சௌந்தரம் சுண்டலோடு வந்தாள், சுண்டலைக் கையில் வாங்கும்போது சொல்லியிருக்கலாம். இந்தாடி, செடியைக் கொன்னது நான்தான், அந்தப் பொண்ணு இல்ல. எத்தனை வார்த்தை, ஏழோ எட்டோ. பிராக்டிகல் பரீட்சையில் வெளி எக்ஸாமினர் அந்தப் பக்கம் திரும்பியதும், வியர்த்துப் போய் நிற்கிற பிள்ளையின் காதோரம் போய் ‘அம்மோனியம்’ என்று ஒரே வார்த்தையை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பியூரெட் கழுவப் போவார் அவர். எத்தனை பிள்ளைகள் அந்த ஒரு வார்த்தையில் கரை ஏறியிருக்கின்றன. ஒரு பைசா வாங்கியதில்லை, பாவம் பார்த்துச் சொன்னதுதான். ஊரார் பிள்ளைக்கெல்லாம் திறந்த வாய். என்ன பயம்? சௌந்தரம் அடித்துவிடுவாளா. அடிக்க மாட்டாள். பார்ப்பாள். படிச்ச வேலை பாத்தவருக்கு இதுகூடத் தெரியலையா என்று ஒரு பார்வை பார்ப்பாள், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் தள்ளிப்போனது. ஒரு நாள் தள்ளியதும் இன்னொன்று சேர்ந்துகொண்டது: நேத்தே தெரிஞ்சும் ஏன் சொல்லலை என்று கேட்பாளே. ஒரு வாரம் ஆனதும், இத்தனை நாள் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு என்பாள். ஒரு மாதம் ஆனதும் கேள்வியே மாறிவிட்டது, அதை அவர் தமக்குள்கூட முழுசாகக் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்லாமலேயே சரி செய்துவிடலாம் என்று மறுநாளே ஆரம்பித்திருந்தார். யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் விடியற்காலையில் மெஷினிலிருந்து நல்ல தண்ணீரைப் பிடித்து ஊற்றினார். செடி பிழைத்துவிட்டால் பேச்சும் தானாக அடங்கிவிடும் என்று கணக்கு. செடி பிழைக்கவில்லை, மண்ணே உப்பாகியிருந்தது. சௌந்தரம் ஒவ்வொரு இலை விழும்போதும் காலண்டரைப் பார்த்தாள். ஐப்பசி கடைசியில் செழியன் காலண்டர் முன்னால் நின்று, “இது என்னம்மா புள்ளி?” என்றான். அவனுக்கு அது வரை தெரியாதாம். அதற்கப்புறம் நடந்ததை நினைக்க வேண்டாம். காலண்டரைக் கழற்றிக் கிழித்தான். சுபா அறையைவிட்டு வெளியே வரவேயில்லை, அழுதாளா என்றுகூடத் தெரியாது. பத்தாம் நாள் டெம்போ வந்தது. பீரோவை மாடிப்படியில் இறக்கும்போது மாசிலாமணி ஒரு பக்கம் பிடித்தார். “விடுங்க மாமா, அவங்க பாத்துப்பாங்க” என்று சுபா சொன்னாள். விட்டார்.

அவர்கள் போன பிறகுதான் மண்ணை மாற்ற வேண்டும் என்று புத்தியில் உறைத்தது. வேண்டுமென்று செய்ததில்லை, சத்தியமாக இல்லை. வெறும் ஜன்னலைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். நர்சரியில் செம்மண்ணும் எருவும் வாங்கி வந்து, விதையை உருட்டி உடைத்து, புதினாக் காம்பைத் தண்ணீரில் நிறுத்தி, எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தபடி. நல்ல தண்ணீர் ஊற்றினார். வராமல் என்ன செய்யும், வந்தது. பன்னிரண்டாம் நாள் இரண்டிரண்டு இலையாகக் கொத்தமல்லி தலை நீட்டியதைப் பார்த்துவிட்டு சௌந்தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எதிர் வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் சொன்னப்ப என்னை என்னமோ கொடுமைக்காரி மாதிரி பாத்தாங்க, இப்ப பாருங்க, தொட ஆளில்ல, எப்படித் தழையுது என்றாள். எதிர் வீட்டம்மா ஆமாக்கா என்றாள். தினமும் அவர் தண்ணீர் ஊற்றுகிறார், தினமும் அது வளர்கிறது, வளர்கிற ஒவ்வொரு இலையும் அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஊற்றாமல் விட்டால் என்ன? கருகினால் அப்போது சொல்லலாம், பாரு, அவ இல்லாதப்பவும் கருகுது என்று. போன வாரம் நிஜமாகவே கழிவு வாளியில் தம்ளரை விட்டு மொண்டுவிட்டார். கேன் வரை கொண்டுபோனார். கொத்தமல்லி வாசனை சுள்ளென்று வந்தது. தன் வாயைத் திறக்கப் பயந்துகொண்டு வாயில்லாத செடிக்கு விஷம் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டோமா என்று தோன்றியது, தம்ளரைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தார். வியாழக்கிழமை ரயில். அதற்குள் சுபா ஒரு தடவை இந்த வீட்டுக்கு வந்துவிட்டுப் போக வேண்டும். இந்த மனத்தாங்கலோடு அவ்வளவு தூரம் போனால் அப்புறம் தீபாவளிக்கும் வர மாட்டாள், பொங்கலுக்கும் வர மாட்டாள், செழியன் மட்டும் ஒரு பையோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டே கிளம்புவான். அப்புறம் ஒருநாள் சாவுக்குத்தான் வருவாள், யார் சாவோ. சே. மணி எட்டேகால். சௌந்தரம் இந்நேரம் கீரைக்காரியிடம் வந்திருப்பாள். போனை எடுத்தார். கை ஈரம், வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் எடுத்தார். நாலு தடவை மணி அடித்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று நினைத்தார், எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்க மாமா.” பின்னால் டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது, அட்டைப்பெட்டி கட்டுகிறார்கள் போலிருக்கிறது. சாப்பிட்டாயா என்றார், மணி எட்டேகாலுக்கு. இன்னும் இல்லை என்றாள். மாற்றல் பற்றி இரண்டு வார்த்தை, ஹைதராபாத் வெயில் பற்றி இரண்டு வார்த்தை. அப்புறம் எப்படித்தான் வாயில் வந்ததோ, “சுபாம்மா, அந்தச் செடி பட்டுப்போனதுக்குக் காரணம் நான்தாம்மா. மெஷின் கழிவுத் தண்ணிய ஊத்திட்டேன். உப்பு. நீ தொட்டதுனால ஒண்ணும் இல்ல” என்றார். சொல்லிவிட்டார். டேப் சத்தம் நின்றது. அவள் அழுவாள், அல்லது இத்தனை நாள் ஏன் மாமா சொல்லவில்லை என்று கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார், கத்தினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். “எனக்குத் தெரியும் மாமா” என்றாள் அவள். அவருக்கு விளங்கவில்லை. “என்னம்மா தெரியும்?” “புரட்டாசிலயே தெரியும். அந்த மெஷின்காரர் சொன்னது உள்ளே கேட்டுச்சு. மறுநாள் விடியக்காலைல தண்ணி குடிக்க வந்தேன். நீங்க நல்ல தண்ணி பிடிச்சு ஊத்திட்டிருந்தீங்க. என்னைப் பாக்கல.” அவர் ஜன்னல் திட்டைப் பிடித்துக்கொண்டார். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. “மாமா இன்னைக்குச் சொல்லிடுவாங்க, நாளைக்குச் சொல்லிடுவாங்கன்னு பாத்தேன். ஒன்றரை மாசம் பாத்தேன். அத்தை சொன்னது எனக்குப் பெருசா படல மாமா, எங்கம்மாவும் இப்படி ஏதாவது சொல்றவங்கதான். அவங்க நம்புனதைச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க.” குரல் உயரவேயில்லை. கண் ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் இந்த எழுத்துத் தெரிகிறதா என்று கேட்பாளே, அதே குரல். “அதனாலதான் நாங்க கிளம்பினோம். அவருக்குக்கூட நான் சொல்லல. அப்பாவைப் பத்தி எதுக்குன்னு விட்டுட்டேன்.”

இந்த நாலு மாதமாக அவர் மனசுக்குள் கட்டி வைத்திருந்தது வேறு. தப்பு சௌந்தரத்தினுடையது, தாம் அதை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், அவ்வளவுதான் தம் பங்கு என்று ஒரு ஓரத்தில் அவருக்கு இடம் இருந்தது. அந்த ஓரத்திலிருந்து இப்போது அவரை இழுத்து நடுவில் நிறுத்தியாயிற்று. “தப்புதாம்மா” என்றார். “ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போ. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போனாப் போதும்.” அவள் கேட்டாள், “அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா மாமா?” “சொல்லணும்” என்றார். “அத்தை எங்கே இப்ப?” “சந்தைக்குப் போயிருக்கா.” அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. “நீங்க சொல்லுங்க மாமா. சொல்லிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க. புதன்கிழமை நான் வர்றேன், நானே அடுக்களைல நின்னு சமைச்சுப் போடறேன். சொல்லலைன்னா அவர் மட்டும் வருவார்.” சரிம்மா என்றார். சரிம்மா, சரிம்மா என்று இரண்டு தடவை சொன்னார். வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது, “காலைல பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” என்றாள். போட்டேன் என்றார். போடவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

வாசலில் சாவி திரும்பியது. சௌந்தரம் இரண்டு கையிலும் பையோடு, நெற்றியெல்லாம் வியர்த்து வந்து, முருங்கைக்காயை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். “யாரு போன்ல?” சொல்லிவிடலாம். இதோ நிற்கிறாள், இருவரைத் தவிர வீட்டில் யாருமில்லை, இனி மறைக்க அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. “சுபா” என்றார். சௌந்தரம் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றாள். முகத்தில் கோபம் இல்லை, நாலு மாதம் கழித்து அந்தப் பெயர் இந்த வீட்டில் சத்தமாகக் கேட்டதில் ஒரு சின்ன ஆவல்கூட இருந்தது. “என்னவாம்?” என்றாள் மெதுவாக. “என்ன சொன்னா?” மாசிலாமணி வாயைத் திறந்தார். “ஒண்ணுமில்ல. மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா” என்றார். அது பொய்யில்லை. கேட்டாள்தான்.